எத்தீம்களின் பெயரேடும் ஓர் அமானிதமே!



நபித்தோழர்களுள் திருமறையில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பெறும் பேறு ஒரே ஒருவருக்குத்தான் வாய்த்தது. அவர் ஹழ்ரத் ஜைது இப்னு ஹாரிஸா (ரலி) அவர்கள். அன்னார் யார்? கடத்தப்பட்ட குழந்தை! தாயாருடன் தாய்வழிச் சுற்றத்தாரைக் காணச் சென்ற இடத்தில் கொள்ளையர் கூட்டம் அவரைப் பறித்துச் சென்றது. உக்காழ் சந்தையில் விலை கூறி விற்றது. அன்னை கதீஜா (ரலி) அவர்களின் இல்லம் வந்து சேர்ந்த அச்சிறுவரை, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மகனினும் மேலாய்ப் பேணி வளர்த்தார்கள். பிள்ளையைத் தேடி அலைந்த தந்தை ஹாரிஸா ஒரு நாள் மீட்புத் தொகையுடன் மக்கா வந்து நின்றார். பெருமானார் (ஸல்) அவர்கள் அத்தொகையைக் கேட்கவில்லை. முடிவை ஜைதிடமே விட்டார்கள். அவர் தந்தையுடன் செல்ல விரும்பினால் ஈடின்றியே அழைத்துச் செல்லலாம் என்றார்கள். ஜைதோ நாயகத்தின் நிழலைப் பிரிய மறுத்தார். அது முதல் மக்கள் அவரை ‘முஹம்மதின் மகன் ஜைது’ என்றே அழைக்கலாயினர்.

இவ்வளவு அன்பு சூழ்ந்த அந்த உறவிலும் இறைமறை ஒரு வரம்பை வகுத்தது. வளர்ப்புப் பிள்ளைகளை அவர்களுடைய தந்தையரின் பெயராலேயே அழைக்க வேண்டும். அதுவே அல்லாஹ்விடத்தில் நீதியானது. தந்தையரை அறியாவிடில் அவர்கள் மார்க்கத்தில் உங்கள் சகோதரர்கள் என்று ‘அஹ்ஜாப்’ அத்தியாயத்தின் ஐந்தாம் வசனம் கட்டளையிட்டது. அன்று முதல் அவர் மீண்டும் ஹாரிஸாவின் மகன் ஜைது ஆனார். வளர்த்தவர் அகிலத்தின் அருட்கொடையே ஆயினும், பெற்றவனின் பெயரை அழிக்க அனுமதி இல்லை. குழந்தைக்கு உணவும் உடையும் அளிப்பது அறம். அதன் வேரைக் காப்பது அதனினும் முந்திய அறம். இந்த அளவுகோலைக் கையில் ஏந்தியே, குழந்தைக் கடத்தலையும் அதைத் தடுக்க எழுந்த சட்டங்களையும் நாம் நோக்க வேண்டும்.

நம் தெருக்களில் நடந்தது

இஃது எங்கோ தொலைதேசத்துச் செய்தி என்று எண்ணிவிட வேண்டாம். 1990களின் இறுதியில், இதே வடசென்னையில், குடிசைப் பகுதிகளின் தெருக்களில் விளையாடிக்கொண்டிருந்த பச்சிளம் பாலகர்கள் களவு போயினர். அவர்களுள் முஸ்லிம் குடும்பம் ஒன்றின் பெண் குழந்தையும் உண்டு. பெற்றோர் காவல் நிலையம் சென்றனர். தர்காக்களிலும் கோயில்களிலும் தேவாலயங்களிலும் கண்ணீர் வடித்தனர். ஆண்டுகள் உருண்டோடின. 2005ஆம் ஆண்டில் சென்னைக் காவல் துறையினரிடம் ஒரு கும்பல் சிக்கியபோதுதான் உண்மையின் ஓரம் தெரியலாயிற்று. களவுபோன குழந்தைகள் ‘மலேசியன் சோஷியல் சர்வீசஸ்’ என்னும் சென்னை நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டனர் என்பதும், பெற்ற தாயே மனமுவந்து கொடுத்ததாகப் பொய்ப் பத்திரம் புனைந்து அவர்களை ஆஸ்திரேலியா, நெதர்லாந்து, அமெரிக்கா முதலிய நாடுகளின் தம்பதியருக்குத் தத்து அனுப்பினர் என்பதும் குற்றச்சாட்டாகும். பின்னர் இவ்வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறையின் கைக்குச் சென்றது.

அங்கு வளர்த்த தம்பதியரும் வஞ்சிக்கப்பட்டவர்களே. ஆதரவற்ற குழந்தைக்கு வாழ்வளிக்கிறோம் என்று நம்பியே அவர்கள் பொருள் தந்தனர். இங்கோ ஒரு தாய் அன்றாடம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தம் மகன் எனக் கருதும் சிறுவனைத் தேடி, 2010ஆம் ஆண்டில் சென்னைப் பெற்றோர் நெதர்லாந்து நீதிமன்றத்தை நாடினர். சிறுவனுக்கு மரபணுச் சோதனை நடத்த உத்தரவிட அந்நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஹாரிஸாவுக்கு மக்காவில் கிட்டிய நீதி இவர்களுக்குக் கிட்டவில்லை. அங்கு நீதி வழங்க அண்ணலார் இருந்தார்கள்; இங்கு ஒரு பொய்ப் பத்திரம் இருந்தது.

சுதந்திரமான மனிதனை விற்று அவன் விலையை உண்டவனுக்கு எதிராக மறுமை நாளில் அல்லாஹ்வே வழக்காடுவான் என்பது ‘புகாரி’யில் பதிவாகியுள்ள நபிமொழியின் கருத்தாகும். தாயையும் சேயையும் பிரிப்பவனை அவன் நேசிப்பவர்களிடமிருந்து இறைவன் மறுமையில் பிரிப்பான் என்ற எச்சரிக்கையை ‘திர்மிதி’யில் காண்கிறோம். இதனினும் கடுமையாக எச்சரிக்க இயலுமோ?

சட்டம் எவ்வாறு பிறந்தது?

இந்தியக் குழந்தைகளை அயல்நாட்டார் அழைத்துச் செல்வதில் நிகழ்ந்த முறைகேடுகள் குறித்து 1982இல் லட்சுமி காந்த் பாண்டே என்னும் வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அக்கடிதமே வழக்காக ஏற்கப்பட்டது. 1984 பிப்ரவரியில் நீதியரசர் பகவதி அளித்த தீர்ப்பு, அயல்நாட்டுத் தத்துக்கு வரைமுறைகளை முதன்முதலாக வகுத்தது. அதன்பின் 1990இல் மத்திய தத்துவள அமைப்பான ‘காரா’ தோன்றியது. நாடுகளுக்கிடையிலான தத்து குறித்து 1993இல் ஹேக் நகரில் உருவான உடன்படிக்கையை இந்தியா 2003இல் ஏற்றது. 2000ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்துக்குப் பதிலாக 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் வந்தது. அது 2016 ஜனவரியில் நடைமுறை கண்டது.

இச்சட்டம் கூறுவதைச் சற்றுக் கவனியுங்கள். குழந்தைகளைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இல்லம் எதுவாயினும், அரசு நடத்துவதாயினும் தனியார் நடத்துவதாயினும், மானியம் பெறினும் பெறாவிடினும், பதிவு செய்தே ஆக வேண்டும். தவறினால் ஓராண்டு வரை சிறையும், ஒரு லட்ச ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. ஆதரவற்ற குழந்தையைக் கண்டெடுத்தவர் 24 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும். வளர்க்க இயலாத தாய் தன் குழந்தையை ஒப்படைக்க விரும்பினால், குழந்தைகள் நலக் குழுவின் முன்னிலையிலேயே அதைச் செய்ய வேண்டும். மனம் மாறித் திரும்பக் கேட்க அவளுக்கு இரு மாத அவகாசம் உண்டு. குழந்தையை விற்றாலும் வாங்கினாலும் ஐந்தாண்டு வரை கடுங்காவல். காக்க வேண்டிய பொறுப்பில் இருந்தவரே விற்றால் மூன்றாண்டுக்குக் குறையாமல் ஏழாண்டு வரை.

தமிழகத்துக்கு இதில் தனிப் பங்கும் உண்டு, பெருமைப்படத்தக்க பங்கன்று. அநாதை இல்லக் குழந்தைகள் சீரழிக்கப்படுவதாக வந்த பத்திரிகைச் செய்தியையொட்டி, 2007இல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு எழுந்தது. ‘தமிழ்நாட்டு அநாதை இல்லங்களில் குழந்தைகள் சுரண்டப்படுதல்’ என்பதே அவ்வழக்கின் பெயர். பத்தாண்டுகளுக்குப் பின், 2017 மே மாதத்தில் தீர்ப்பு வந்தது. நாட்டிலுள்ள குழந்தைகள் இல்லங்கள் அனைத்தையும் அவ்வாண்டு இறுதிக்குள் பதிவு செய்து முடிக்க வேண்டும் என நீதிமன்றம் ஆணையிட்டது.

இல்லமே வாசலாகும்போது

அநாதை இல்லங்களைக் குறித்து உலகின் பார்வையும் மாறியுள்ளது. நேப்பாளம், கம்போடியா போன்ற நாடுகளில், பெற்றோர் உயிருடன் உள்ள பிள்ளைகளைக் கல்வி தருகிறோம் என்று கூறிக் கிராமங்களிலிருந்து திரட்டி வந்து, ‘அநாதைகள்’ என்று பெயரிட்டு, அயல்நாட்டுப் பயணிகளிடம் காட்டி நன்கொடை குவித்த கொடுமை வெளிப்பட்டது. நம் குழந்தைகளைப் பெற்றுக்கொண்ட அதே ஆஸ்திரேலியாவின் நாடாளுமன்றக் குழு, 2017 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையில் இதனை நவீன அடிமைத்தனத்தின் ஒரு வடிவமாக ஆராய்ந்தது. அடுத்த ஆண்டே அந்நாட்டில் நவீன அடிமைத்தன எதிர்ப்புச் சட்டம் நிறைவேறியது. வங்கதேசம், இலங்கை, இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து நடந்த தத்துகளில் நிகழ்ந்த முறைகேடுகளுக்காக, 2021 பிப்ரவரியில் நெதர்லாந்து அரசு பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தது.

இங்கும் கண் கலங்கும் உதாரணம் உண்டு. 2021ஆம் ஆண்டின் நடுவில் மதுரையில் ஒரு காப்பகம், தன் பொறுப்பிலிருந்த ஒரு வயதுக் குழந்தை கொரோனாவால் இறந்ததாகப் போலி ஆவணம் புனைந்து, அக்குழந்தையை விற்றுவிட்டது என்று வழக்குப் பதிவாயிற்று. உயிருள்ள குழந்தைக்கு அடக்கச் சீட்டு! நல்லெண்ணமுடைய ஒருவர் ஐயுற்று விசாரித்திராவிடில், அச்சீட்டே கடைசிச் சொல்லாக நின்றிருக்கும்.

‘சட்டம் இருந்தும் இவை நடந்தனவே’ என்பீர்கள். உண்மைதான். வடசென்னைக் குழந்தைகள் களவு போனதும் 1984 தீர்ப்புக்குப் பிறகே. அனைத்து வகைக் கடத்தலுக்கும் எதிராக 2018 ஜூலையில் மக்களவை நிறைவேற்றிய மசோதா, மாநிலங்களவையின் ஒப்புதல் பெறாமலே 2019இல் காலாவதியாயிற்று. சட்டம் தாளைக் கேட்கிறது. கயவன் தாளைப் பொய்யாக்குகிறான். தாளுக்குப் பின்னால் உயிருள்ள கண்கள் விழித்திருந்தால் மட்டுமே அது காவலாகும். அக்கண்கள் யாருடையவை? மஹல்லா மக்களாகிய நம்முடையவை அன்றோ!

நம்மவர் கூறும் ஆட்சேபம்

இவ்விடத்தில் நம்மவர் சிலர் முகம் சுளிப்பதை அறிவேன். ‘எத்தீம்கானாக்களை அல்லாஹ்வுக்காக நடத்துகிறோம். அரசுக்கு எதற்குக் கணக்கு? பதிவு என்ற பெயரால் நம் ஸ்தாபனங்களில் தலையிடவே இத்தனையும்’ என்பது அவர்கள் வாதம். இவ்வாதத்தை ஏளனமாகத் தள்ளிவிடுதல் முறையன்று. 2014 மே மாதத்தில் பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கப் பகுதிகளிலிருந்து கேரளத்து எத்தீம்கானாவுக்கு ரயிலில் வந்த நூற்றுக்கணக்கான குழந்தைகள் பாலக்காட்டில் தடுத்து நிறுத்தப்பட்டனர். கடத்தல் என்று வழக்கும் பதிவாயிற்று. அவர்கள் பெற்றோரின் சம்மதத்துடன் கல்விக்காகவே சென்றனர் என்று பின்னாளில் பீகார் அரசே கூறியது. இடைப்பட்ட ஆண்டுகளில் அந்த ஸ்தாபனமும் சமுதாயமும் சுமந்த பழி சிறிதன்று. மனம் புண்பட நியாயம் உண்டு.

ஆயினும் அச்சம்பவம் புகட்டும் பாடம் யாது? ஒவ்வொரு பிள்ளைக்கும் தந்தை பெயர், ஊர், தாயின் ஒப்புதல், அவ்வூர்க் குழந்தைகள் நலக் குழுவின் அனுமதி ஆகியவை முறையாய்க் கையில் இருந்திருந்தால், அந்த ரயில் நிலையத்தில் பழி பிறந்திருக்குமோ? கெட்டவனின் மேசை இழுப்பறையும் வெறுமையாய், நல்லவனின் இழுப்பறையும் வெறுமையாய் இருக்குமாயின், உலகம் இருவரையும் எவ்வாறு பிரித்தறியும்? நம் நன்மைக்கு ஆவணம் இல்லாதபோது, கயவனின் தீமைக்கு நாமே திரையாகி விடுகிறோம்.

மேலும், எழுதி வைப்பது அரசு கற்பித்த வழக்கமா? தவணைக் கடனைக் கூடச் சாட்சிகளுடன் எழுதி வைக்க ‘பகரா’ அத்தியாயம் ஏவுகிறது. எத்தீமின் சொத்தை ஒப்படைக்கும்போது சாட்சிகளை ஏற்படுத்துமாறு ‘நிஸா’ அத்தியாயம் ஏவுகிறது. எத்தீமின் பொருளுக்கே சாட்சி கட்டாயம் என்றால், எத்தீமின் உடலுக்கும் உயிருக்கும் பெயருக்கும் சாட்சி வேண்டாமா?

இராயபுரத்திலும் எண்ணூரிலும் வாழும் நமக்கு இதை விளங்கிக்கொள்வது கடினமன்று. நம் துறைமுகங்களுக்குள் ஒரு கன்டெய்னர் நுழைய எத்தனைச் சீட்டுகள்! பெட்டிக்கு எண், பூட்டுக்கு முத்திரை, சரக்குக்குப் பட்டியல், சுங்கத்துறைக்கு ஒரு பிரதி. முத்திரை உடைந்திருந்தால் வண்டி ஓர் அடி நகராது. துணிப் பொதிக்கு உள்ள பாதுகாப்பு, ஆதமுடைய மக்களின் குழந்தைக்கு இருக்கக் கூடாதா?

இதே இராயபுரத்திலிருந்து மற்றொரு சான்று. 2020 ஜூன் மாதத்தில் இங்குள்ள அரசுச் சிறார் இல்லத்தில் 35 சிறுவர்களுக்குக் கொரோனா தொற்றியது. உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து, காரணம் என்ன என்று மாநில அரசைக் கேட்டது. ஏன் கேட்க முடிந்தது? அங்கு எத்தனை பேர் இருந்தனர், யார் பொறுப்பு என்பது ஏட்டில் இருந்தது. பெயர்ப்பலகையோ பதிவோ இல்லாத ஒரு மாடி வீட்டில் அதே நோய் பரவியிருந்தால், கேட்பார் யார்? ஏட்டில் இல்லாத குழந்தை காணாமற்போனால், காணாமற்போனதாகவும் அது கணக்கில் ஏறாது.

எத்தீம் என்பவர் யார்?

சகோதரர்களே! இன்னும் அடிப்படையான ஒன்று உண்டு. ஷரீஅத்தின் வழக்கில் எத்தீம் என்பவர் யார்? பருவம் எய்தும் முன் தந்தையை இழந்தவர். தாய் உயிரோடிருக்கலாம், பெரும்பாலும் இருக்கிறாள். ‘அநாதை’ என்ற சொல்லோ எவரும் இல்லாதவர் என்று பொருள்படுகிறது. இவ்விரு சொற்களையும் ஒன்றாக்கியதால் ஒரு பெரும் பிழை புகுந்தது. துறைமுகச் சுமையின் கீழோ, காசிமேட்டுப் படகிலோ, மணலி, எண்ணூர்த் தொழிற்சாலை ஒன்றிலோ ஒரு குடும்பத் தலைவன் மறைந்தால், அவன் மனைவியின் கண்ணீரைத் துடைக்கும் வழியாக அவள் பிள்ளையை எங்கேனும் ‘சேர்த்துவிட’ நாம் ஆலோசனை கூறுகிறோம். இத்தா காலம் முடியுமுன்னரே ஒரு தாய் தன் பிள்ளையையும் இழக்கிறாள். எங்கிருந்தோ வரும் முகம் தெரியாத மனிதர் ‘ஓதவும் படிக்கவும் வைக்கிறோம்’ என்றால், வறுமை கேள்வி கேட்க விடுவதில்லை. கடத்தற்காரன் காத்திருப்பது அந்த வாசலில்தான்.

பெருமானார் (ஸல்) அவர்களும் எத்தீமே. பிறக்குமுன் தந்தையை இழந்தார்கள். ஆறு வயதில் தாயை இழந்தார்கள். பின்னர் பாட்டனாரிடமும், அவருக்குப் பின் பெரிய தந்தையாரிடமும் வளர்ந்தார்கள். வறுமை சூழ்ந்த வீடேயாயினும் அது சொந்த வீடு. சொந்த வமிசப் பெயர். எத்தீமைப் பொறுப்பேற்பவரும் தாமும் சுவனத்தில் இரு விரல்கள் போல் நெருங்கியிருப்போம் என்று நன்மாராயம் கூறிய நாயகம், குழந்தையைத் தாயிடமிருந்து விலக்கி வைத்தலைப் பொறுப்பேற்றல் என்று கூறவில்லை. ‘கஃபாலா’ எனும் இந்தப் பொறுப்பேற்பை, 1989ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகளின் குழந்தை உரிமை உடன்படிக்கை தன் இருபதாம் ஷரத்தில் பெயர் சொல்லியே அங்கீகரித்துள்ளது. தத்தெடுத்தல் குறித்து 2014இல் ஒரு வழக்கில் தீர்ப்பளித்த நம் உச்ச நீதிமன்றமும், அச்சட்ட வழி எவர்க்கும் திறந்தது, எவர்க்கும் கட்டாயமன்று என்றே தெளிவாக்கியது. எனவே சட்டம் நம் மார்க்கத்தின் வழியை அடைக்கவில்லை.

மஹல்லாவின் கடமை

செய்ய வேண்டுவன பெரிதும் கடினமானவை அல்ல. முதலாவது, ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் மஹல்லாவில் தந்தையை இழந்த பிள்ளைகளின் பெயரேட்டை வைத்திருக்கட்டும். திருமணப் பதிவேடும் அடக்கப் பதிவேடும் வைத்திருக்கும் முத்தவல்லிக்கு இது மூன்றாம் ஏடு. ஆண்டுக்கு இரு முறை, ‘இப்பிள்ளை எங்கே? எந்தப் பள்ளியில்?’ என்று கேட்டு எழுதினாற் போதும்.

இரண்டாவது, ஜகாத்தும் ஸதக்காவும் முதலில் விதவைத் தாயின் அடுப்பங்கரைக்குச் செல்லட்டும். வறிய விதவையின் பிள்ளை வீட்டிலிருந்தே வளர, ‘மிஷன் வாத்சல்யா’ திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவுக்கு ஏற்பாடு உண்டு. இதை அறியாத குடும்பங்கள் பல. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனுக் கொடுக்க ஒரு கையெழுத்தறிந்த இளைஞர் துணை சென்றால் அதுவும் தர்மமே.

மூன்றாவது, இல்லத்தில் சேர்ப்பதைத் தவிர வேறு வழியே இல்லாத பிள்ளைகளும் உண்டு. அவர்களை ஏற்கும் எத்தீம்கானாக்கள் சமுதாயத்தின் மதிப்புக்குரியவை. நன்கொடைச் சீட்டுப் புத்தகத்துடன் வருபவரிடம் இரண்டே கேள்விகள் கேளுங்கள்: ‘இளைஞர் நீதிச் சட்டத்தில் பதிவு எண் என்ன? பிள்ளைகளின் தாய்மார்கள் எப்போது வந்து பார்க்கிறார்கள்?’ நேர்மையான ஸ்தாபனத்தார் இக்கேள்விகளால் மகிழ்வர்; கோபப்படுபவரிடம் உங்கள் பணத்தை மட்டுமன்று, உங்கள் மௌனத்தையும் கொடாதீர்கள்.

நான்காவது, வடமாநிலங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்து திருவொற்றியூர், எண்ணூர், மணலிப் பகுதிகளில் தங்கியிருக்கும் தொழிலாளரின் குழந்தைகளையும் உங்கள் பார்வைக்குள் கொண்டு வாருங்கள். மொழி அறியாப் பெற்றோர் பகலெல்லாம் வேலையில், குழந்தைகள் தெருவில். அவர்கள் எம்மதத்தவராயினும் நம் அண்டை வீட்டார். ஐயத்துக்கிடமான எதையும் கண்டால் 1098 என்னும் எண்ணுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு, கட்டணமின்றி.

‘நமக்கேன் வம்பு’ என்று ஒதுங்குவோர் யூசுப் (அலை) அவர்களின் வரலாற்றை நினைவு கூரட்டும். சகோதரர்கள் அவரைக் கிணற்றில் எறிந்தனர்; வழிப்போக்கர் அற்ப விலைக்கு விற்றனர். யஃகூப் (அலை) அவர்களிடம் காட்டப்பட்டதோ பொய் இரத்தம் தோய்ந்த ஒரு சட்டை; அக்காலத்துப் பொய்ப் பத்திரம் அது! அத்தந்தை அந்தச் சாட்சியத்தை நம்பவில்லை. அழகிய பொறுமையுடன், பிள்ளையைத் தேடும் நம்பிக்கையைக் கைவிடாதிருந்தார்கள். வடசென்னையின் தாய்மாரும் கைவிடவில்லை. அவர்கள் கண்ணொளி மங்குமுன், அவர்தம் பிள்ளைகளைப் பற்றிய உண்மையேனும் அவர்களுக்குக் கிட்ட வேண்டும். இனி ஒரு தாய்க்கும் அந்நிலை வாராதிருக்க, நம் மஹல்லாக்களின் ஏடுகள் திறக்கப்பட வேண்டும்.

எத்தீம்களின் பொருளையும் பெயரையும் அமானிதமாய்க் காத்த நன்மக்களின் கூட்டத்தில் வல்ல நாயன் நம் அனைவரையும் சேர்த்தருள்வானாக! ஆமீன்.